வயிறு உப்பிய கைப்பேசி



சென்ற தவணையில் ஒருநாள், ஆறாம் ஆண்டு அறிவியல் பாடம் முடியும் வேளையில் ஒரு மாணவி எழுந்து நின்றாள்.

"ஐயா, எங்கள் வீட்டுப் பழைய கைப்பேசிக்கு வயிறு உப்பிவிட்டது. தம்பி அதை அழுத்தி அழுத்தி விளையாடுகிறான். அழுத்தினால் திரை கீழே போகிறது. விட்டால் மேலே வருகிறது!"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓய்வு நேர மணி அடித்ததும் அவளுடைய தந்தையாரை அழைத்தேன். "இன்னும் வேலை செய்கிறதே ஐயா, அதனால்தான் சின்னவனுக்கு விளையாடக் கொடுத்தோம்" என்றார். நல்ல மனிதர், பிள்ளைகள்மேல் உயிரையே வைத்திருப்பவர். ஐந்து வயதுப் பிள்ளையின் கையில் தீப்பற்றக்கூடிய ஒரு பொருளைக் கொடுத்திருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது. யார் அவருக்குச் சொன்னார்கள்?

உப்பியது கைப்பேசியன்று, அதனுள் இருக்கும் லித்தியம் மின்கலம். மெல்லிய தகடுகளை அடுக்கி, நீர்மம் ஊற்றி, அலுமினியத் தாள் பையில் அடைத்த பொருள் அது. நாள்பட்டாலோ மிகுதியாகச் சூடேறினாலோ அந்த நீர்மம் சிதைந்து வளியாகிறது, பை உப்புகிறது. அந்த நிலையில் அதை அழுத்தினாலோ குத்தினாலோ உள்ளிருக்கும் தகடுகள் ஒன்றையொன்று தொட்டு, குறுக்குச்சுற்று ஏற்பட்டுத் தீப்பிடிக்கக்கூடும். 2016-இல் சாம்சுங் கேலக்சி நோட் 7 கைப்பேசிகள் தீப்பற்றி உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டதும் மின்கலக் குறைபாட்டினால்தான். அன்று மாலையே அந்தக் கைப்பேசியைப் பழுதுபார்க்கும் கடையில் ஒப்படைக்கச் செய்தோம்.

மறுநாள் அதே வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன். "கைப்பேசிக்கு உள்ளே என்ன இருக்கிறது?"

"யூடியூப்" என்றான் ஒருவன். "கேம்ஸ்" என்றான் மற்றொருவன். "பேட்டரி" என்று ஒரு குரல் தயங்கித் தயங்கி வந்தது. கடைசி வரிசையிலிருந்து வந்த விடைதான் என்னை உறங்கவிடவில்லை: "ஒன்றும் இல்லை ஐயா. அதைத் திறக்கவே முடியாது!"

நாள்தோறும் பல மணி நேரம் கையில் வைத்திருக்கும் ஒரு பொருளைப்பற்றி நம் பிள்ளைகள் அறிந்தது இவ்வளவுதான். உள்ளே என்ன இருக்கிறது என்பதை ஒருமுறையேனும் காட்டாமல் ஒரு பிள்ளையின் கையில் கைப்பேசியைக் கொடுக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. எவ்வளவு நேரம் பார்க்கலாம், எதைப் பார்க்கலாம் என்று வீட்டுக்கு வீடு சண்டை நடக்கிறது. நடக்கட்டும், தேவையான சண்டைதான். ஆனால் அது என்ன பொருள் என்பதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லையே!

மேசைமேல் ஒரு 3310

மாணவர்கள் கைப்பேசியைப் பள்ளிக்குக் கொண்டுவருதல் கூடாது என்பது விதி. ஆகவே நானே ஒன்றைக் கொண்டுபோனேன். வீட்டு அலமாரியில் நெடுங்காலமாக உறங்கிக்கொண்டிருந்த நோக்கியா 3310. அதைச் செல்லாத காசாக எண்ணி வீசியெறியாமல் வைத்திருந்த என் துணைவியாருக்கு இங்கே நன்றி சொல்ல வேண்டும்.

பெற்றோர்களுக்கு இதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் அறிவிக்கப்பட்டு, உலகெங்கும் ஏறத்தாழ 126 மில்லியன் விற்ற கைப்பேசி. எடை 133 கிராம். இரவுச் சந்தையில் வண்ண வண்ண உறைகளைத் தொங்கவிட்டு விற்பார்களே, நினைவிருக்கிறதா? பழைய உறையை நகத்தால் நெம்பிக் கழற்றிப் புதியதை மாட்டிக்கொண்டு, புதுக் கைப்பேசி வாங்கியவர்போல் நடந்தோமே! கீழே விழுந்தால் உறை ஒரு பக்கம், மின்கலம் ஒரு பக்கம், உடல் ஒரு பக்கமாகச் சிதறும். பொறுக்கியெடுத்துச் சேர்த்தால் மீண்டும் உயிர்பெறும்.

அறிவியல் அறையில் மேசையைச் சுற்றிப் பிள்ளைகளை நிறுத்தினேன். பின்னுறையை ஒரு மாணவியே கழற்றினாள். மின்கலத்தைக் கட்டைவிரலால் நெம்பி எடுத்தாள். "இவ்வளவுதானா?" என்று அவள் வியந்ததைக் கேட்டிருக்க வேண்டும்! பெட்டியோடு வந்த அந்த மின்கலம் நிக்கல் வகை. 900 மில்லிஆம்பியர்-மணி கொள்ளளவு. லித்தியத்தைப்போல் எளிதில் தீப்பற்றும் இயல்புடையதன்று. பாடத்திற்கு இதைத் தேர்ந்ததற்கு அதுவே முதற்காரணம். இங்கே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இன்றைய லித்தியம் கைப்பேசிகளை வகுப்பில் திறக்க முயலாதீர்கள். பசையை இளக்கவும் நெம்பவும் வேண்டியிருக்கும். நெம்புகோல் மின்கலத்தைக் குத்திவிடும்.

அடுத்து ஆறு திருகாணிகள். நட்சத்திர வடிவத் தலை. அதற்கென்றே உள்ள சிறு திருப்புளி வேண்டும். ஆறையும் கழற்றியதும் கைப்பேசி இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் திரையும் விசைப்பலகையும்; மறு பக்கம் பச்சை நிற மின்சுற்றுப் பலகை.

விசைப்பலகையைத்தான் பிள்ளைகள் முதலில் பிடித்துக்கொண்டார்கள். மேலே ரப்பர் மெத்தை. கீழே ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு சிறு உலோகக் குமிழ். அழுத்தினால் குமிழ் குழிந்து கீழுள்ள செப்புத் தடத்தைத் தொடுகிறது; சுற்று முழுமையடைகிறது. கையை எடுத்தால் மீண்டும் குவிகிறது. மின்சாரப் பாடத்தில் மின்கலம், விசை, மின்குமிழ் என்று எத்தனை முறை கரும்பலகையில் வரைந்திருப்பேன்! அதே விசைதான் இங்கே அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கிறது. எது எளிதிற் கடத்தி, எது அரிதிற் கடத்தி என்று கேட்க வேண்டிய தேவையே எழவில்லை. ரப்பர், செம்பு, நெகிழி என்று அவர்களே பிரித்துச் சொல்லிக்கொண்டார்கள்.

அதிர்வுக்கு என்ன காரணம் என்று கேட்டபோது ஆளுக்கொரு விடை சொன்னார்கள். உள்ளிருந்த சிறு மின்னோடியைக் காட்டினேன். அதன் அச்சில், ஒரு பக்கம் மட்டும் கனக்கும் ஓர் உலோகத் துண்டு. சமனில்லாத அந்தத் துண்டு சுழலும்போது கைப்பேசி முழுவதும் நடுங்குகிறது. "சலவைப் பொறியில் துணி ஒரு பக்கமாகச் சேர்ந்துகொண்டால் ஆடுமே, அதுபோலவா ஐயா?" என்றான் ஒருவன். கடைசி வரிசைக்காரன்! நான் பாடக் குறிப்பில் எழுதி வைத்திருந்த விளக்கத்தைவிட அது நன்றாக இருந்தது. குறிப்பைத் திருத்திக்கொண்டேன்.

திரையைக் கணக்குப் பாடத்திற்குப் பயன்படுத்தினோம். அகலவாக்கில் 84 புள்ளிகள், உயரவாக்கில் 48. பெருக்கினால் 4,032 புள்ளிகள். இன்றைய நடுத்தரக் கைப்பேசியில் 1,080-க்கு 2,400. பெருக்கிப் பாருங்கள் என்றேன்: 2,592,000. அந்த 4,032 புள்ளிகளுக்குள்தான் நாம் குறுஞ்செய்தி எழுதினோம், பாம்பு விளையாட்டும் ஆடினோம்.

ஒரு தாயார் கற்றுக்கொடுத்த பாடம்

எங்கள் மாநிலம் பினாங்கு. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-இலிருந்து இயங்கி வருகிறது. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையைத் தொடங்கியது அங்கேதான். மோட்டோரோலாவின் கையடக்க வானொலித் தொடர்புக் கருவிகள், நாம் 'வாக்கி டாக்கி' என்கிறோமே அவை, பினாங்கில் உருவாகின்றன. எங்கள் மாணவர்களின் தாய்மார்கள் பலர் இத்தகைய ஆலைகளில் மூன்று வேளை மாற்றுப் பணியில் உழைப்பவர்கள். பெற்றோர் நாளில் அவர்கள் பின்வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள். "எனக்கு என்ன ஐயா தெரியும், நீங்கள் சொல்லுங்கள்" என்பார்கள்.

இரண்டாவது பாடத்திற்கு அப்படிப்பட்ட ஒரு தாயாரை அழைத்திருந்தேன். பல்லாண்டுகளாக மின்சுற்றுப் பலகைகளை உருப்பெருக்கியின்கீழ் வைத்துச் சரிபார்ப்பவர். தயங்கித்தான் வந்தார். நான் பலகையை எடுத்து நீட்டியபோது அவர் கையை நீட்டவில்லை.

"ஐயா, வெறுங்கையால் தொடாதீர்கள்" என்றார்.

வகுப்பு என்னைப் பார்த்தது. முந்தைய பாடம் முழுவதும் அதை வெறுங்கையால் பிடித்துக்கொண்டு நின்றவனாயிற்றே நான்!

நம் உடலில் சேரும் நிலைமின்சாரம் ஒரு நுண்சில்லைக் கெடுத்துவிடும் என்று அவர் விளக்கினார். ஆலையில் மணிக்கட்டில் ஒரு பட்டை அணிந்து, அதன் கம்பியை நிலத்தோடு இணைத்துக்கொண்ட பிறகே பலகையைத் தொடுவார்களாம். சீப்பைத் தலையில் தேய்த்துத் தாள்துண்டுகளை இழுக்கும் சோதனையைப் பிள்ளைகள் ஏற்கெனவே செய்திருந்தார்கள். அந்த விளையாட்டு மின்சாரம் ஒரு கைப்பேசியைக் கொல்லக்கூடும் என்பது அவர்களுக்கும் எனக்கும் அன்றுதான் உறைத்தது.

பலகைமேல் சில இடங்களில் தகர மூடிகள் இருந்தன. அவற்றைப் 'பாதுகாப்புக்கு' என்று மட்டும் நான் சொல்லியிருந்தேன். அந்தத் தாயார் சிரித்துவிட்டு, "அடிபடாமல் இருக்க இல்லை ஐயா. உள்ளே இருக்கிற அலை வெளியே போய்ப் பக்கத்துச் சில்லைக் குழப்பாமல் இருக்க, வெளி அலை உள்ளே வராமல் இருக்க" என்றார். பள்ளி ஒலிபெருக்கியின் அருகே கைப்பேசியை வைத்தால், அழைப்பு வருவதற்குச் சற்று முன்பே 'டிர்ர் டிட்டிட்' என்று இரைச்சல் கேட்குமே! ஜி.எஸ்.எம். கைப்பேசி தொடர்ச்சியாக அலையை அனுப்புவதில்லை. ஓர் அலைவரிசையை எட்டுக் கைப்பேசிகள் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்கின்றன. தன் முறை வரும்போது மட்டும், நொடிக்கு ஏறத்தாழ 217 தடவை, துடித்துத் துடித்து அனுப்புகிறது. அந்தத் துடிப்பைத்தான் ஒலிபெருக்கியின் கம்பி பிடித்து நமக்குக் கேட்கச் செய்கிறது. தகர மூடி எதற்கு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அந்தத் தாயாரின் மகன் அன்று மேசைக்கு மிக அருகில் நின்றிருந்தான். அதிகம் பேசாத பையன். அம்மா சொல்லச் சொல்ல, கூட்டத்தில் பின்னால் நின்றவர்களுக்குத் தன் விரலால் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தான்.

அலைவாங்கி என்பது சரிதானா?

உறுப்புகளுக்குப் பெயர் வைக்கும்போது ஒரு நல்ல வாதம் கிளம்பிற்று. ஒலிவாங்கி, ஒலிபெருக்கி, மின்கலம், மின்னோடி, மின்சுற்றுப் பலகை, நுண்சில்லு ஆகிய இவற்றில் யாருக்கும் தடையில்லை. 'ஆண்டெனா' வந்தபோதுதான் சிக்கல். "அலைவாங்கி" என்றேன்.

"அது வாங்க மட்டும்தான் செய்யுமா ஐயா? நாம் பேசுவது எப்படி வெளியே போகும்?" என்று கேட்டாள் ஒருத்தி.

சரியான கேள்வி! தொலைக்காட்சிக்குக் கூரைமேல் வைத்தது வாங்கி மட்டுமே. ஆகையால் அன்று அந்தப் பெயர் பொருந்திற்று. கைப்பேசியில் அதே உறுப்பு வாங்கவும் செய்கிறது, வழங்கவும் செய்கிறது. 'அலைக்கொம்பு' என்றான் ஒருவன், பூச்சியின் உணர்கொம்பை நினைத்து. 3310-இல் கொம்பே இல்லையே என்று மற்றவர்கள் மடக்கினார்கள். உண்மைதான். 1998-இல் வந்த 5110-க்குத் தலையில் ஒரு குட்டைக் கொம்பு இருந்தது. 1999-இன் 3210-உம் அதன்பின் 3310-உம் அதை உடலுக்குள் மறைத்துவிட்டன. பின்புறத்தின் மேற்பகுதியில், நெகிழியின்மேல் ஒட்டிய ஒரு மெல்லிய உலோகத் தகடுதான் அது.

ஏன் அந்த அளவு என்பதையும் கணக்கிட்டோம். அலை நொடிக்கு 300 மில்லியன் மீட்டர் ஓடுகிறது, ஜி.எஸ்.எம். அலை நொடிக்கு ஏறத்தாழ 900 மில்லியன் முறை அதிர்கிறது. வகுத்தால் ஓர் அலையின் நீளம் மூன்றில் ஒரு மீட்டர், அதாவது 33 சென்டிமீட்டர். அதில் கால்பங்கு இருந்தால் நன்றாக வேலை செய்யும் என்பது பொறியாளர் கணக்கு. ஏறக்குறைய 8 சென்டிமீட்டர். தகட்டை மடித்தும் வளைத்தும் அந்த நீளத்தைச் சிறிய இடத்தில் அடக்குகிறார்கள். பிள்ளைகள் அளவுகோலை எடுத்துக் கைப்பேசியின்மேல் வைத்துப் பார்த்தார்கள். கண்ணுக்குத் தெரியாத அலையை அளவுகோலால் அளந்த மகிழ்ச்சி அவர்களுக்கு!

முடிவில் 'அலைவாங்கி'யே வாக்கெடுப்பில் வென்றது. எனக்கு அதில் இன்னும் மனநிறைவு இல்லை. ஆனால் ஒரு கலைச்சொல்லைப் பதினொரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் உரசிப் பார்த்தார்களே, அந்த அரைமணி நேரத்துக்காக எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

"இதையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுத்தால் என்ன?" என்று ஒரு பெற்றோர் கேட்டார். 2003-இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பித்தோம்; 2009-இல் அத்திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார்கள்; 2016-இல் இருமொழிப் பாடத் திட்டம் வந்தது. ஒவ்வொரு முறையும் இதே கேள்விதான். ஆங்கிலப் பெயரையும் நான் பலகையில் எழுதத்தான் செய்கிறேன். அது தெரிய வேண்டியதே. ஆனால் "அது வாங்க மட்டும்தான் செய்யுமா?" என்று அந்தப் பிள்ளையைக் கேட்க வைத்தது தமிழ்ச்சொல். 'ஆண்டெனா' என்று மட்டும் சொல்லியிருந்தால் அவள் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"தேர்வில் வருமா?" என்றார் இன்னொருவர். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்பட்டது. அந்தக் கேள்வி மட்டும் இன்னும் அகலவில்லை!

ஒட்டி மூடிய கண்ணாடிப் பெட்டி

கடைசி வரிசைப் பையன் சொன்னது பிழையன்று. அவன் கண்ட கைப்பேசிகள் எல்லாமே திறக்க முடியாதவை. 2007-இல் வந்த ஐபோன் மின்கலத்தை உள்ளேயே வைத்துப் பூட்டியது. பின்னர் பிற நிறுவனங்களும் ஒவ்வொன்றாய் அவ்வழியே சென்றன. இன்று திருகாணிக்குப் பதில் பசை. நெகிழி உறைக்குப் பதில் கண்ணாடி.

காரணங்கள் இல்லாமல் இல்லை. பசையிட்டு மூடினால் நீர் புகாது; உறைக்கும் கொக்கிக்கும் இடம் விடவேண்டாமாதலால் கருவியை மெலிதாக்கலாம், மின்கலத்தைப் பெரிதாக்கலாம். விற்பனைக்கு வந்த முதல் கையடக்கக் கைப்பேசியான மோட்டோரோலா டைனாடாக் 8000எக்ஸ், பத்து மணி நேரம் மின்னேற்றினால் அரைமணி நேரம் பேசவிட்டது. விலை 3,995 அமெரிக்க வெள்ளி! அங்கிருந்து இங்கு வந்தது பெரும் சாதனை. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் இழந்ததையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா? கைப்பேசியில் முதலில் முதுமையடையும் உறுப்பு மின்கலம். திரை நன்றாக இருக்கும், சில்லு நன்றாக இருக்கும், மின்கலம் மட்டும் தளர்ந்திருக்கும். அதை மாற்ற நம்மால் இயலாது என்பதால் முழுக் கருவியையும் ஒதுக்கிவிடுகிறோம். ஒதுக்கிய கருவி வீட்டில் கிடக்கிறது. பிறகு சின்னவனின் விளையாட்டுப் பொருளாகிறது. என் மாணவியின் வீட்டில் நடந்தது இதுதான். 3310-இன் மின்கலம் உப்பியிருந்தால் பின்னுறை மூடாது. அந்தத் தந்தையார் அப்பொழுதே கழற்றி எடுத்திருப்பார்.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் ஒரு மின்கலச் சட்டத்தை நிறைவேற்றியது. பயனாளரே மின்கலத்தைக் கழற்றி மாற்றும் வகையில் கருவிகள் அமைய வேண்டும் என்றும், சில விலக்குகளோடு அது 2027 பிப்ரவரி 18 முதல் நடைமுறைக்கு வரும் என்றும் அது விதித்தது. நெதர்லாந்தின் பேர்போன் நிறுவனம் 2015-இலேயே உறுப்பு உறுப்பாகக் கழற்றி மாற்றத்தக்க கைப்பேசியை விற்றுக் காட்டியது. முடியாது என்று சொல்வதற்கில்லை.

திறந்தால் எல்லாம் புரிந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. கைப்பேசி பாதிதான், மறுபாதி கோபுரத்தில் இருக்கிறது. சிங்கப்பூரில் 2017 ஏப்ரலில் இரண்டாம் தலைமுறைச் சேவையை நிறுத்தியபோது, நன்றாக இயங்கிக்கொண்டிருந்த 3310-களும் ஒரே நாளில் ஊமையாயின. நம் நாட்டில் 2021 இறுதியில் மூன்றாம் தலைமுறைக்கும் அதுவே நேர்ந்தது. இதைச் சொன்னபோது வகுப்பில் ஒரு சிறு அமைதி நிலவியது. கருவியில் ஒரு குறையும் இல்லாமலேயே அது சாகக்கூடும் என்பது அவர்களுக்குப் புதிது.

பெற்றோர்களே, வீட்டில் பழைய பொத்தான் கைப்பேசி இருந்தால் எறிந்துவிடாதீர்கள். முதலில் மின்கலத்தைக் கழற்றிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு உட்கார்ந்து திறந்து பாருங்கள். புதிய கைப்பேசிகளில் ஏதேனும் உப்பியிருக்கிறதா என்று இன்றே தேடிப் பாருங்கள். திரை ஓரத்தில் தூக்கியிருந்தால், பின்பக்கம் மேசைமேல் சமனாக உட்காராமல் ஆடினால், மின்னேற்றாதீர்கள், அழுத்தாதீர்கள், குப்பையில் போடாதீர்கள். எரியும் பொருள்களுக்கு அப்பால் வைத்து, பழுதுபார்க்கும் கடையிலோ மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்திலோ ஒப்படையுங்கள். தலையணைக்கடியில் மின்னேற்றும் பழக்கத்தையும் இன்றோடு நிறுத்துங்கள்.

எங்கள் 3310-ஐ மீண்டும் பூட்டினோம். ஐந்து திருகாணிகள்தாம் கிடைத்தன. ஆறாவதை வகுப்பே முழந்தாளிட்டுத் தேடியது, கிடைக்கவில்லை. ஐந்தோடு மூடி மின்கலத்தைப் பொருத்தினோம். திரை ஒளிர்ந்தது. சிம் அட்டையைச் செருகச் சொல்லிக் கேட்டது.

அடுத்த வாரம் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் அதைத் திறக்கப்போகிறார்கள். அந்தத் தாயார் மணிக்கட்டுப் பட்டை ஒன்று கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.